மூன்று அடியில் ஒன்று

பிரையர் ஃபோர்க், கென்டக்கி
பிப்ரவரி 1

மாப்பிள்ளை லோனிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கோழி கிளறின குப்பை மாதிரிதான் இருக்கும். சில எழுத்து பூதமாகவும் சில எழுத்து கோட்டை விட்டுக் கீழே விழுந்தும் கிடக்கும், பொறுத்துக்கொள். எழுபத்து மூன்று வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. மேலே உன் பெயரைப் போட்டுவிட்டு எழுந்து நின்று தூரத்திலிருந்து பார்த்தேன். அழகாக இருந்தது. ஓங்கி ஒரு குத்து விடலாம் என்றும் தோன்றியது.

நூலகத்தில் ஐசன் அம்மாள் நடத்தும் வகுப்புக்கு ஒரு வருடமாகப் போகிறேன், உனக்குத் தெரியும். எழுதச் சொன்னால் கதை சொல்லிப் பொழுதை ஓட்டிவிட்டு வருவேன். இப்போது நீ என் தாடையை உடைத்துவிட்டாய். டாக்டர் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார். எட்டு வாரம் திறக்கக் கூடாது. பல்லிடுக்கில் உறுமலாம், அவ்வளவுதான். பேச வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும். அதனால் எழுத்து வந்துவிட்டது. தாடை உடைந்து படிப்பு வந்த முதல் மாணவன் நான்தான் என்று ஐசன் அம்மாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உன் பெண்டாட்டி டார்லா தினமும் பீன்ஸ் சூப்பை அரைத்து வடிகட்டிக் கொண்டுவருகிறாள். குழாய் வைத்து உறிஞ்சுகிறேன். என் தங்கை மகள் என்பதால் செய்கிறாளா, உனக்காக வெட்கப்பட்டுச் செய்கிறாளா, கேட்கவில்லை. கேட்க வாயும் இல்லை.

என் கழுத்தில் ஒரு சின்னக் கம்பி வெட்டும் குறடு தொங்குகிறது. தூங்கும்போதும் கழற்றக் கூடாது. வாந்தியோ ரத்தமோ வந்து மூச்சடைத்தால் பக்கத்தில் இருப்பவர் கம்பியை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் செத்துப்போவேன் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். புரண்டு படுக்கும்போதெல்லாம் அது நெஞ்சில் குத்தி உன்னை ஞாபகப்படுத்துகிறது.

நடந்ததை எழுதுகிறேன். நீ குடித்திருந்தாய், நான் குடிக்கவில்லை. லஞ்சம் கொடுத்து ஆட்டக்காரனைச் சேர்த்தார்கள், அதனால் நம் கல்லூரிக் கூடைப்பந்து அணி இந்த மார்ச்சில் தேசியப் போட்டிக்குப் போகக் கூடாது என்று சங்கத்தார் தடை போட்டார்கள். நாற்பது வருடத்தில் இப்படி ஓர் அணி நமக்கு அமைந்ததில்லை. நான் பேசியதுதான் காரணம் என்று ஊர் வெறி பிடித்துத் திரிந்தது. என் வாசலில் செத்த நாயைப் போட்டார்கள். வண்டியின் நான்கு டயரையும் கிழித்தார்கள். மறுநாள் நான் குனிந்து சக்கரம் கழற்றிக்கொண்டிருக்கிறேன், நீ வந்து, "குடு மாமா, நான் கழட்டறேன்" என்றாய். வீல் ஸ்பானரை நானே உன் கையில் கொடுத்தேன்.

முதல் அடி தாடையில். விழுந்தேன். நீ நின்றாய். ஸ்பானரைக் கீழே போட்டாய். போய்விடுவாய் என்று நினைத்தேன். பிறகு குனிந்து எடுத்தாய். இரண்டாவது அடியில் நான்கு பல் போனது, ஒன்றை விழுங்கிவிட்டேன். மூன்றாவது காதுக்குக் கீழே. அதற்குப் பிறகு சரளைக் கல்லில் என் ரத்தம் ஆவி விட்டதை மட்டும் பார்த்தேன், அவ்வளவு குளிர்.

முதல் அடிக்கும் இரண்டாவதற்கும் நடுவில் நீ நின்றாயே, அதைத்தான் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். முதல் அடி வெண்டல் கேஜ் அடிக்கச் சொன்னது. கார்க்கடையை வைத்துக்கொண்டு அணியையே வாங்கி வைத்திருப்பவன். உன் வக்கீலுக்குப் பணம் கட்டுகிறவனும் அவன்தான். மற்ற இரண்டு அடி யாருடையது? எழுது.

நீ எனக்கு எழுதக் கூடாது என்று நீதிபதி சொல்லியிருக்கிறார். நான் உனக்கு எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

உன் மாமா,
எல்வின் டாக்கெட்

*

மாவட்டச் சிறை
பிப்ரவரி 9

மாமா,

இங்க சமையல்கட்டுல வேலை செய்யற டார்லாவோட சிநேகிதி இதைக் கொண்டுவந்து குடுப்பா. படிச்சுட்டு அடுப்புல போடு.

உன் கடிதாசு வர்ற வரைக்கும் நான் இங்க ராஜா. காட்டிக் குடுத்தவன் தாடையை ஒடைச்சவன்னு ஆளாளுக்குச் சோள ரொட்டியை என் தட்டுல தள்ளினாங்க. ஒருத்தன் வந்து என் வலது கையைத் தொட்டுப் பாத்துட்டுப் போனான். அப்பறம் நீ புதுசாப் படிச்ச எழுத்துல, கொட்டை கொட்டையா, கேஜ் பேரை எழுதி அனுப்பினே. இங்க வர்ற தபாலை எல்லாம் பிரிச்சுப் படிக்கற காவல்காரன் ஓட்டற வண்டி யார் கடை வண்டின்னு நினைக்கறே?

மூணாம் நாள் குளியலறையில ரெண்டு பேர். காலுறைக்குள்ள பூட்டைப் போட்டுச் சுத்தி அடிச்சாங்க. விலா ரெண்டு போச்சு. காது பாதி கிழிஞ்சு தொங்கிச்சு, தைச்சிருக்காங்க. சோப்புத் தண்ணியில என் ரத்தம் ஓடறதைப் பாத்துக்கிட்டே கெடந்தேன். "உன் மாமன எழுதாம இருக்கச் சொல்லு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. உன் வாயை ஒடைச்சேன், அது கைக்கு எறங்கிடுச்சு. கையையும் சேத்து ஒடைச்சிருக்கணும்.

நீ என்னமோ தப்பே பண்ணாத மாதிரி எழுதறே. இருபது வருஷம் அணியோட பஸ்ஸை ஓட்டினவன் நீ. முடி வெட்டற கடையில பக்கத்து நாற்காலியில இருந்த ஆளுகிட்ட, கேஜ் மாதிரி தாராளம் யாருக்கு வரும், அந்த நெட்டைப் பையன் மார்க்கீஸோட அம்மாவுக்கு வீடே வாங்கிக் குடுத்தாரு, ஃபிரிட்ஜை நான்தான் எறக்கி வெச்சேன்னு அளந்து விட்டியே. அவன் சங்கத்துலேர்ந்து விசாரிக்க வந்தவன்னு கூடவா தெரியலே? கோட்டு போட்டுக்கிட்டு நம்ம ஊருல எவன் முடி வெட்டிக்க வருவான்?

நீ கேஜைப் புகழ்ந்தே. என் பையன் கோடியோட கதை முடிஞ்சுது. நாலு வருஷம் சம்பளமும் இல்லாம, உதவித்தொகையும் இல்லாம, பெஞ்சுல உக்காந்து அடுத்தவனுக்குத் துண்டு எடுத்துக் குடுத்தான் என் பையன். இது அவனுக்குக் கடைசி வருஷம். ஜெயிச்ச அணி ஏணி போட்டு ஏறி, கூடை வலையை ஆளுக்கு ஒரு இழை வெட்டும்ல, அந்த இழையை மாட்டறதுக்கு நான் கண்ணாடிச் சட்டம் வாங்கி டி.வி. மேல வெறுமையா மாட்டி வெச்சிருக்கேன். போய்ப் பாரு.

பத்து வருஷம் வரைக்கும் போடலாம்னு வக்கீல் சொல்றாரு. அடி வாங்கினவன் ஒரு நல்ல வார்த்தை சொன்னாக் குறையுமாம். நான் கேக்க மாட்டேன்.

லோனி

*

பிரையர் ஃபோர்க்
பிப்ரவரி 14

மாப்பிள்ளைக்கு,

நான் எழுதியதை ஒருவர் படித்து, அதனால் இரண்டு பேர் உன்னை அடித்திருக்கிறார்கள். என் எழுத்தைப் படிக்க முடிகிறது என்று தெரிகிறது. உன் விலா உடைந்தது என்று டார்லா நான் எழுதிப் பேசும் பலகையில் எழுதிக் காட்டினாள் (எனக்குக் காதும் கேட்காது என்று அவளுக்கு நினைப்பு). முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சூப் இறங்கவில்லை.

இதைப் படிக்கும் காவலரே, உங்களுக்கும் வணக்கம். இந்தக் கடிதத்தில் யார் பெயரும் இல்லை.

நான் சொன்னதில் தப்பு என்ன என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஒரு மனிதன் ஒரு தாய்க்கு வீடு கொடுக்கிறான். நம் ஊரில் அதை யார் மறைத்தார்கள்? தேவாலயத்தில் எழுந்து நின்று கைதட்டியவர்கள்தானே நீங்கள் எல்லோரும். அந்த வீட்டுக்குக் கூரை போட்டவன் உன் தம்பி. அந்த விசாரணைக்காரர் என் கதையைக் கேட்டு எனக்குக் காப்பி வேறு வாங்கிக் கொடுத்தார், என் கதைக்கு இதுவரை யாரும் காப்பி வாங்கிக் கொடுத்ததில்லை.

சரி, செய்தி. நேற்று நீலக் கோட்டுக்காரர் ஒருவர் உன் வீட்டுக்கு வந்தார். (பெயர் வேண்டாம், யார் என்று உனக்குத் தெரியும். கோட்டின் நிறத்தை எழுதலாம் என்று நினைக்கிறேன்.) மார்ச் ஒன்று, சனிக்கிழமை மதியம், கடைசி வருடப் பையன்களுக்கு வழியனுப்பு ஆட்டம். தேசியப் போட்டி இல்லை, அதனால் அதுதான் கோடிக்குக் கடைசி ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பையனையும் அவன் அப்பாவும் அம்மாவும் கை பிடித்து அரங்கத்தின் நடுவட்டத்துக்கு நடத்திக்கொண்டு போவார்கள், ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள். நீ உள்ளே இருக்கிறாய் அல்லவா? நீலக் கோட்டுக்காரர் டார்லாவிடம் சொன்னார், "கவலைப்படாதம்மா. லோனி எடத்துல நான் நடக்கறேன். ஊரே பாக்கட்டும்."

அவர் போனதும் டார்லா காப்பிக் கோப்பையைச் சுவரில் எறிந்து உடைத்தாளாம். கோடி துடைத்தானாம்.

உன் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தேன். தூசி கூட இல்லை.

எல்வின்

*

மாவட்டச் சிறை
பிப்ரவரி 19

மாமா,

உன் கடிதாசைப் படிச்சுட்டுச் சுவத்துல தலையை முட்டினேன். தையல் பிரிஞ்சு மறுபடி தைச்சாங்க.

நீ கேட்டதுக்குப் பதில். ஒண்ணு அவன் சொன்னது. "ஒரே ஒரு அடி, வாய் மேல, மிச்ச ஆயுசுக்கும் பேசக் கூடாது"ன்னான். கோடிக்குக் கடையில நல்ல வேலைன்னான். அந்த ஒரு அடியை அடிச்சுட்டு ஸ்பானரைக் கீழ போட்டேன், வேலை முடிஞ்சுதுன்னு. நீ கீழ கெடந்துக்கிட்டு என்னை நிமிந்து பாத்தே. ரத்தத்தோட, "கோடி எப்படி இருக்கான்?"னு கேட்டே. ஞாபகம் இருக்கா உனக்கு? அதுக்கப்பறந்தான் எனக்கு வெறி ஏறிச்சு. மத்த ரெண்டும் என்னோடது. யாரும் சொல்லலே.

என் கையை வாங்கினான், குடுத்தேன். என் எடத்தை நான் விக்கலே. என் பையன் பக்கத்துல, என் பெண்டாட்டி பக்கத்துல, அந்த நீலக் கோட்டைப் போட்டுக்கிட்டு நிப்பானா? அரசு வக்கீலுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். நாளைக்கு வந்து எழுதி வாங்கறாங்க. அவன் வக்கீல் இன்னிக்கே என்னைக் கை விட்டுட்டான். என்னை இப்பத் தனியறையில போட்டிருக்காங்க, செத்துடக் கூடாதுன்னு. நம்புவாங்களோ மாட்டாங்களோ. நம்பலேன்னா பத்து வருஷமும் எனக்குத்தான்.

நீ போ மாமா. நீ நட. என் கையால அடி வாங்கினவன் நீ, அந்த எடத்துக்கு உன்னை விட்டா வேற எவனுக்குப் பாத்தியதை?

மன்னிச்சுடுன்னு எழுதலே. கவனிச்சுக்கோ.

லோனி

*

மாவட்ட மருத்துவமனை
மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதம் இன்னும் கோணலாக இருக்கும். படுத்துக்கொண்டு எழுதுகிறேன், ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரே சந்தோஷம், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை உன் தம்பி கல்யாணத்துக்குப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டேன். ஒரு கழுத்துக்குக் குறடு, வெள்ளைப் பலகை, டை என்று மூன்று. கதவில் டிக்கெட் பார்க்கும் பெண் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் தடுக்கவில்லை. உள்ளே நுழைந்தபோது என்னைப் பார்த்துவிட்டார்கள். மேலே தொடங்கிய ஊளை கீழ் வரிசை வரை இறங்கி வந்தது. ஐஸ் கட்டி விழுந்தது. யாரோ பேட்டரி எறிந்தார்கள், புருவம் கிழிந்தது. உன் பழைய இருக்கைப் பக்கமிருந்து ஒருவன், "பெருசு, இன்னிக்கு யாரைக் காட்டிக் குடுக்க வந்தே?" என்றான். இருபது வருடம் நம் பக்கத்தில் உட்கார்ந்து என் வேர்க்கடலையைத் தின்றவன்.

ஆட்டக்காரர்கள் வெளியே வரும் வழியில் டார்லாவும் கோடியும் நின்றார்கள். கேஜ் நீலக் கோட்டில், கையில் பூங்கொத்தோடு. (இப்போது பெயரை எழுதலாம், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.) நான் போய் நடுவில் நின்று பலகையை நீட்டினேன். 'இது லோனியின் இடம்' என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

கேஜ் சிரித்தான். "உனக்கு எழுத வேற வந்துடுச்சா? தள்ளு பெருசு. பையன் பேரைக் கூப்பிடப் போறாங்க."

நான் துடைத்துவிட்டு எழுதினேன். எனக்கு நேரமாகும் என்று உனக்குத் தெரியும். அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கோடியும் பார்த்தான். 'மூன்று அடியில் ஒன்று உன்னுடையது. லோனி சொல்லிவிட்டான்.'

அவன் அதைப் படித்து முடித்தான். அவன் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்கு இன்னும் வார்த்தை போதாது. எப்போதும் அடுத்தவன் கையால் அடிக்கிறவன், மாப்பிள்ளை. அன்றைக்கு அவனுக்குக் கை கிடைக்கவில்லை. மோதிரம் போட்ட சொந்தக் கையாலேயே குத்தினான், பாதி ஒட்டியிருந்த தாடையில். உள்ளே ஏதோ மரக்கிளை மாதிரி முறிந்தது எனக்கே கேட்டது. மேலே தொங்கும் பெரிய திரையில் அந்நேரம் எங்களைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்களாம்.

வாய் ரத்தத்தால் நிறைந்தது. துப்ப வழியில்லை. மூக்கிலும் ரத்தம். மூச்சு இல்லை. முழங்காலில் விழுந்து குறட்டைத் தேடினேன், கை தடுமாறியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது கோடி என்னைச் சாய்த்து மேலே உட்கார்ந்து, உதட்டைப் பிரித்து, குறட்டை உள்ளே விட்டான். "ஆடாதே தாத்தா. ஆடினா நாக்கை வெட்டிடுவேன்" என்றான். அவன் கை நடுங்கவே இல்லை. டக், டக் என்று ஒவ்வொரு கம்பியாக வெட்டினான். வாய் திறந்தது. அவன் வெள்ளைச் சட்டை முழுக்க என் ரத்தம், இரண்டு கம்பித் துண்டு, ஒரு பல்.

கோடிக்குக் கேஜை அடிக்கக் கை ஒழியவில்லை. அதனால் டார்லா குதிகால் செருப்பைக் கழற்றினாள். உன் பெண்டாட்டியை நினைத்து நீ பெருமைப்படலாம். அவன் காதில் மூன்று முறை வைத்தாள். மூன்றாவதில் குதிகால் அங்கேயே நின்றுவிட்டது. போலீஸ்காரர் வந்து அவளைப் பிடிக்காமல் அவனைத்தான் பிடித்தார்.

ஒலிபெருக்கியில் கோடியின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். யாரும் அசையவில்லை. எனக்கு வாய் திறந்துவிட்டது, ஆறு வாரமாகச் சேர்த்து வைத்த பேச்சு இருக்கிறது, அரங்கம் முழுக்கக் காது. ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. "நடடா."

நடந்தோம். டார்லா ஒற்றைச் செருப்போடு, கோடி நடுவில், நான் தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு. கைதட்டல் இல்லை. இன்னும் ஒரு ஐஸ் கோப்பை வந்து விழுந்தது. நடுவட்டத்தில் போய் நின்றோம், உன் இடத்தில் நின்றேன். பிறகு மயங்கிவிட்டேனாம்.

மறுபடி கம்பி போட்டுவிட்டார்கள். இன்னும் எட்டு வாரம். நிறைய எழுதலாம்.

எல்வின்

*

மாவட்டச் சிறை
மார்ச் 8

மாமா,

டி.வி.யில பாத்தேன். தனியறைக்காரனைக் கூட அன்னிக்கு வெளிய விட்டாங்க. கோடி உன் மேல ஏறி உக்காந்து வெட்டினப்ப, என்னைப் பூட்டால அடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தன், "உன் பையனாடா?"ன்னான். ஆமான்னேன். "நல்ல கை"ன்னான். அவ்வளவுதான்.

கேஜ் ஜாமீன்ல வந்துட்டானாம். என்னை வேற மாவட்டத்துக்கு மாத்தறாங்க. அடுத்த மாசம் தீர்ப்பு. நீ என்ன சொல்லப் போறேன்னு நான் கேக்கலே.

"கோடி எப்படி இருக்கான்"னு நீ கேட்டது காதுலயே இருக்கு. அன்னிக்கே பதில் சொல்லியிருக்கணும்.

லோனி

*

பிரையர் ஃபோர்க்
ஏப்ரல் 12

மாப்பிள்ளைக்கு,

நீதிமன்றத்தில் உன்னைப் பார்த்தேன். மெலிந்துவிட்டாய். காது கோணலாக ஒட்டியிருக்கிறது, என் தாடைக்கு அது பொருத்தமாக இருக்கிறது என்று டார்லா சொல்கிறாள்.

நான் எழுதிக் கொடுத்ததை நீதிமன்ற எழுத்தர் அவசரமாக வாசித்துவிட்டார், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. அதனால் நீ ஒழுங்காகக் கேட்டிருக்க மாட்டாய். இங்கே சரியாக எழுதுகிறேன். 'ஐயா, மூன்று அடி. முதல் அடி கேஜ் விலை கொடுத்து வாங்கியது, அதற்குரிய வருடத்தை அவனிடம் கொடுங்கள். இரண்டாவது அடிக்கு லோனிக்குச் சட்டப்படி எவ்வளவோ அவ்வளவு கொடுங்கள், குறைக்க வேண்டாம், நான் அவனை மன்னிக்கவில்லை. மூன்றாவது அடியை என்னிடம் விட்டுவிடுங்கள். அவன் வெளியே வரும்போது வீல் ஸ்பானரோடு வாசலில் நிற்பேன். அதற்கு நான் உயிரோடு இருக்க வேண்டும், ஆகவே தயவுசெய்து சீக்கிரம் விடுங்கள்.'

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். இது மிரட்டலா என்று கேட்டார். நான் பலகையில், 'குடும்ப விஷயம்' என்று எழுதினேன். பத்து வருடத்துக்குப் பதில் நான்கு போட்டார். நீ தலை குனிந்துகொண்டாய், அதனால் நான் அழுததைப் பார்க்கவில்லை. கம்பி போட்ட வாயோடு அழுவது கஷ்டம். கேஜின் வழக்கு ஜூனில்.

உன் டி.வி. மேல் இருக்கும் சட்டம் இப்போது வெறுமையாக இல்லை. கோடி வெட்டிய இரண்டு கம்பித் துண்டையும் டார்லா கழுவி உள்ளே வைத்திருக்கிறாள். இந்த வருடம் நம் அரங்கத்தில் வெட்டியது அது ஒன்றுதான். கோடி அவசர ஊர்தியில் உதவியாளாகச் சேரப் படிக்கப் போகிறான், திங்கட்கிழமையிலிருந்து. நீ அடித்து அவனுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது என்று சொல்லிவிடாதே, வந்து மூன்றாவது அடியோடு நான்காவதும் வாங்குவாய்.

கம்பித் துண்டு ஒன்றை உனக்கு அனுப்ப நினைத்தேன். சிறையில் கம்பியை விட மாட்டார்களாம். அதனால் அடுத்த வாரம் கோடி படிக்கப் போன கதையை எழுதி அனுப்புகிறேன். எனக்கு நேரமாகும், உனக்கும் நேரம் இருக்கிறது.

உன் மாமா,
எல்வின் டாக்கெட்